பச்சை டிக் வாங்கின பதில்

பொண்ணு வூடா மாப்பிள்ளை வூடான்னு கேட்டீங்களே, ரெண்டும் இல்லீங்கண்ணா. நான் ஆபீஸ். பொண்ணு வேலை செய்யற ஆபீஸ். இந்தச் சேருக்கு ஆள் வருதுங்களா? இல்லீன்னா உக்காந்துக்கறேன். பார்க்கிங் பக்கமா உள்ள வந்தேன், சமையல்கட்டைத் தாண்டி வர்றதுக்குள்ள சட்டையெல்லாம் வெங்காய வாசம். முன்வாசல்ல ஒரே கூட்டம். பன்னீர் தெளிக்கறது, போட்டோ புடிக்கறது, நமக்கு அதெல்லாம் ஆகாதுங்க.

இந்தப் பெட்டியா? சுவர்க் கடிகாரம். கல்யாணத்துக்குக் கடிகாரமா, இந்தக் காலத்துல யாரு குடுக்கறாங்கன்னு எங்க வூட்டம்மா கேட்டா. நான் வேணும்னேதான் வாங்கினேன். ஏன்னு கேளுங்க. இல்ல, கேக்க வேண்டாம், நானே சொல்றேன்.

நீங்க மாப்பிள்ளைக்கு மாமன் முறைங்களா? நெம்ப சந்தோசம். அப்பப் பொண்ணைப் பத்தி உங்களுக்கு எச்சாத் தெரிஞ்சிருக்காது. நல்ல பொண்ணுங்க. அதுல சந்தேகமே இல்ல. நான் கொறையா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, வூட்ல மிக்சி ஓடலீன்னா மாப்பிள்ளை தானா கழட்டக் கூடாது. "இப்படிக் கழட்டச் சொல்லி எங்க படிச்சீங்க? எப்ப எழுதினது அது? இதே மாடல் மிக்சிதானா?"ன்னு கேட்டுப்போடுவா. நான் அனுபவிச்சவன், சொல்றேன்.

என் பேரு தெய்வசிகாமணிங்க. ஆபீஸ்ல சிகாண்ணா. பீளமேட்டுல சின்னக் கம்பெனி. கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாப்ட்வேர் பண்றோம். எந்தத் தேதிக்கு எந்தப் பார்ட்டி, காலைல யாரு, சாயங்காலம் யாரு, எல்லாம் போன்லயே தெரியும். இந்த மண்டபமே நம்ம கஸ்டமர்தான். மேனேஜர் ரூம்ல ஒரு டேப்லெட் இருக்குது பாருங்க, அதுல ஓடறது நான் எழுதினது. எழுதினதுன்னா, ஆரம்பத்துல எழுதினது. இப்ப யாரு யாரோ கை வெச்சுட்டாங்க.

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். யாருக்காவது வேலை நின்னு போச்சுன்னா எந்திரிச்சு நடந்து வர மாட்டாங்க. உக்காந்த சேரோட காலால தள்ளிக்கிட்டே உருண்டு வருவாங்க. கரகரன்னு சத்தம் கேக்கும். திரும்பிப் பார்க்காமயே நான் கேப்பேன், "என்ன கண்ணு, என்ன எர்ரர்?" பதினோரு வருசம் அந்தச் சத்தமெல்லாம் எங்கிட்டத்தான் வந்து நிக்கும். முதலாளி நடேசமூர்த்தியே ஒருக்கா உருண்டு வந்திருக்கறாருங்க. தொந்தி மேசையில இடிச்சுது.

வர்றவங்களுக்கு நான் என்ன பண்ணுவேன்? சொன்னாச் சிரிப்பீங்க. இன்டர்நெட்ல தேடிக் குடுப்பேன். நெசமாங்க. எங்க தொழில்ல பாதி அதுதான். உலகத்துல புரோகிராம் எழுதற அத்தனை பேரும் வந்து கேள்வி கேக்கற சைட் ஒண்ணு இருக்குது. எவனோ கேப்பான், எவனோ பதில் போடுவான். பதில் புடிச்சிருந்தா ஓட்டுப் போடலாம். கேட்டவன் "இதான் சரி"ன்னு ஒத்துக்கிட்டா பச்சைக் கலர்ல ஒரு டிக் விழும். எனக்கு அந்தப் பச்சை டிக் போதும். பச்சையைப் பார்த்தேனா, எடுத்தேனா, ஒட்டினேனா, ஓடுச்சா, நாலு மணி டீக்கு முன்னால சோலி முடிஞ்சுது. யாரு ஓட்டுப் போட்டாங்கன்னு மட்டும் அதுல காட்டாது. அந்த சைட்ல எனக்குப் புடிக்காதது அது ஒண்ணுதான். காட்டினா நல்லா இருந்திருக்கும். நமக்குப் போட்டவன் யாரு, நம்மளுக்கு எதிரா அமுத்தினவன் யாருன்னு தெரிஞ்சிருக்கும்.

நமக்குன்னு ஏன் சொன்னேன்னு கேக்கறீங்களா? நானும் அதுல பதில் போட்டிருக்கறேங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு போதும். கோவை லயன்னு பேரு வெச்சுக்கிட்டு, எட்டொம்பது வருசம் முந்தி எழுதினது. பச்சை டிக். ஓட்டு ஆயிரத்தைத் தாண்டிருச்சு. பிரேசில்ல இருந்து ஒருத்தன் "நண்பா, நீ என் உயிரைக் காப்பாத்தினே"ன்னு எழுதியிருந்தான். எங்கூட்டம்மா கிட்டக் காட்டினேன். "அவனுக்கு என்ன வியாதி?"ன்னு கேட்டா. அதோட வூட்ல காட்டறதை வுட்டுட்டேன். ஆபீஸ்லயும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நம்ம பெருமையை நாமளே பேசறது நல்லா இருக்காதுங்களே.

என்ன பதில்னா, நேரக் கணக்கு. நீங்க கேட்டுக்கோங்க, புரியும். எங்க சாப்ட்வேர் ஓடற கம்ப்யூட்டர் முன்னால ஆபீஸ் மூலையிலயே இருந்துச்சு. அப்பறம் முதலாளி அதைத் தூக்கிப்போட்டு வெளிநாட்டுல ஒண்ணை வாடகைக்கு எடுத்தாரு. அதுக்கு நம்மூரு நேரம் தெரியாது. அது லண்டன் கடிகாரம். நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால ஓடும். நம்ம பக்கம் முகூர்த்தம் எப்பங்க? நாலரை - ஆறு. நாலரையில அஞ்சரை போனா? முந்தின நாள் ராத்திரி! புதன்கிழமைக் கல்யாணம் பூராவும் காலண்டர்ல செவ்வாக்கிழமையில போய் உக்காந்துக்கிச்சு. வெள்ளைக்காரன் எவனாவது நாலரை மணிக்குத் தாலி கட்டுவானா? அவன் ஊர்ல இந்தக் கோளாறே வராது.

ஆபீஸே தலைமேல கை வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. நான் போய் கோவை லயன் பதிலைத் தேடி எடுத்தேன். என் பதில் எனக்கே உதவுச்சு பாருங்க. ரெண்டு வரி. காட்டறதுக்கு முன்னால அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டு. அவ்வளவுதான். செவ்வாய் புதன் ஆச்சு. அன்னைக்கு முதலாளி எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தாரு.

சூஸ் வருது, எடுத்துக்குங்க. எனக்கும் ஒண்ணு குடு கண்ணு. இன்னும் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரலீங்களே? மேக்கப்பா இருக்கும். எங்க ஆபீஸ் ஆளுக ஒருத்தரையும் காணோம் பாருங்க. வேன் புடிச்சு ஒண்ணா வர்றதாப் பேச்சு. எதுக்காவது நேரத்துக்கு வந்திருக்கறாங்களா? நேரத்துக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

தாரணி போன வருசம் ஆடிக்கு அப்பறம் வந்து சேர்ந்தா. முழுப் பேரு பவதாரணி. என்னங்க? பொண்ணு பேரு அது இல்லீங்களா? கோகிலவாணியா? அது சாதகப் பேரா இருக்கும். இல்ல வூட்ல கூப்படற பேரா இருக்கும். எங்க அக்கா மகளுக்கு மூணு பேரு, கார்டுல ஒண்ணு, ரேஷன்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. கேளுங்க.

வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் புடிக்கல. பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கு எதுக்குங்க பொறாமை, நான் சீனியர். அவ பழக்கம் புடிக்கல. மேசையில முறுக்கு டப்பா. கடக்கு முடக்குன்னு கடிச்சுக்கிட்டே ஸ்கிரீனைப் பார்த்து "அட லூசு"ம்பா. யாரைன்னு திரும்பிப் பார்த்தா, அவளையேதான் திட்டிக்கறா. சிரிச்சா கீழ பேக்கரி வரைக்கும் கேக்கும்.

ஒரு எர்ரர் வந்தா நான் பச்சையைப் பார்த்து எடுத்து ஒட்டுவேன்னு சொன்னேன் அல்லங்க? அவ என்ன பண்ணுவா தெரியுமா? மொதல்ல தேதி பார்ப்பா. இந்தப் பதில் எந்த வருசத்துது. அப்பறம் நம்ம கிட்ட இருக்கற வெர்ஷனும் அவன் வெச்சிருக்கறதும் ஒண்ணான்னு பார்ப்பா. அப்பறம் கீழ பொடி எழுத்துல கமெண்ட்டு இருக்கும், அதை யாருங்க படிப்பாங்க? அவ ஒண்ணு விடாமப் படிப்பா. அப்பறம் மேல போய்க் கேள்வியைப் படிப்பா. பதில் கிடைச்சதுக்கு அப்பறம் எவனாவது கேள்வியைப் படிப்பானா? "அவரு கேட்டதும் நாம கேக்கறதும் ஒண்ணுதானான்னு பாக்கோணுமுங்க சிகாண்ணா"ங்கறா. எல்லாம் முடிஞ்சும் எடுத்து ஒட்ட மாட்டா. தனியா ஒரு சின்ன பைலு திறந்து, அதுல ஓட்டிப் பார்த்துட்டு, அப்பறம் தானா எழுதுவா. அந்நேரத்துக்குள்ள நான் மூணு பேர்த்தை அனுப்பிச்சிருப்பேன்.

"பஸ் ஸ்டேண்டுல வழி கேட்டா, தெரியாதவருதான் சத்தமாச் சொல்லுவாரு சிகாண்ணா"ன்னு ஒரு நாள் சொல்லிட்டுச் சிரிக்கறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பொதுவாச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா?

கேள்வி கேக்கறதுக்கும் அப்படித்தான். நான் கேட்டா ஒரே வரி: "வேலை செய்யல, அவசரம்." அவ ஒரு பக்கத்துக்கு எழுதுவா. என்ன பண்ணினேன், என்ன வரும்னு நெனைச்சேன், என்ன வந்துச்சு, என்னென்ன தேடிப் பார்த்தேன். பரீட்சை எழுதற மாதிரி. பாதிக்கு மேல எழுதிட்டு "அட லூசு"ன்னு அழிச்சுப்போடுவா. எழுதறப்பவே விடை கிடைச்சிருச்சாம். இதுக்கு ஒரு பக்கம் எதுக்குன்னு கேக்கறேன்.

ஆனா கரகரன்னு சத்தம் திசை மாறிப் போச்சுங்கண்ணா. அதான் என்னால தாங்க முடியல. மொதல்ல லோகேஷ், எங்க ஆபீஸ் பையன். பின்னால இருந்து சேர் உருளற சத்தம். நானும் திரும்பாம "என்ன கண்ணு?"ன்னேன். சத்தம் என்னைத் தாண்டிப் போகுது. தாண்டிப் போய் அவ மேசையில நிக்குது. நான் யாருகிட்டயோ போன் பேசற மாதிரி காதுல போனை வெச்சுக்கிட்டேன். அன்னைக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை அந்தச் சத்தம் என்னைத் தாண்டிப் போச்சு. எரியுதுங்க. இங்க, நெஞ்சுல, பச்சை மொளகா தேச்ச மாதிரி. என்ன சோறு போட்டாலும் எறங்கல. முறுக்கு டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் குடுக்கறா, வாங்கித் திங்கறானுக. பதினோரு வருசம் நான் சொல்லிக் குடுத்தவனுக.

பொண்ணு டீச்சர்னு சொன்னாங்களா? யாரு, உங்க தங்கச்சியா? தப்பாச் சொல்லியிருக்கறாங்க. இல்லீன்னா கிண்டலுக்குச் சொல்லியிருப்பாங்க. டீச்சர்தான், எல்லாருக்கும் பாடம் எடுக்கறதுல. நீங்க ஒரு பேச்சைக் கேட்டீங்கன்னா அது எங்க இருந்து வருதுன்னு பார்க்கோணுமுங்கண்ணா. நான் பக்கத்து மேசைக்காரன். எனக்குத் தெரியாதா?

உடுமலைக் கதைக்கு வர்றேன். அங்க ஒரு மண்டபம், திருமூர்த்தின்னு மேனேஜர். நல்ல மனுசன், புது போன் வாங்கினாரு. வாங்கின வாரத்துல இருந்து சாயங்கால ரிசப்ஷன் எல்லாம் அவரு போன்ல ஒரு நாள் தள்ளிக் காட்டுது. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன் திங்கக்கிழமைக் கட்டத்துல போய் நிக்குது. ஞாயிறு காலின்னு நெனைச்சு இன்னொரு பார்ட்டிக்கு வாக்குக் குடுத்துப்போட்டாரு. நல்ல வேளை, கார்டு அடிக்கறதுக்கு முன்னால தெரிஞ்சுது. ஆனாலும் ரெண்டு குடும்பமும் மண்டபத்துக்கு வந்து சத்தம் போட்டு, முதலாளி காரெடுத்துப் போய்க் கும்புட்டு வந்தாரு.

தாரணி கண்டுபுடிச்சா. முதலாளி ரூம்ல பெரிய டி.வி.யில போட்டுக் காட்டினா. புதுப் போனுங்க எல்லாம் தானாவே நம்மூரு நேரத்துக்கு மாத்திக்குதாம். நம்ம சாப்ட்வேர் அதுக்கு மேல இன்னொரு அஞ்சரையைக் கூட்டுதாம். சாயங்காலம் ஏழு மணியோட அஞ்சரை சேர்ந்தா நடுராத்திரி தாண்டிருதுங்களே, தேதி மாறிருதாம். "கல்யாணத் தேதியைத் தேதியா மட்டும் எழுதி வெக்கோணும், அதுல கூட்டறது கழிக்கறது இருக்கவே கூடாது"ங்கறா. அப்பறம் அந்த சைட்டைத் திறந்தா. எந்தப் பதிலைத் திறந்திருப்பான்னு நெனைக்கறீங்க? கோவை லயன். ஆளுயரத்துக்கு டி.வி.யில என் பதில்.

"இந்தப் பதிலை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கறாங்க"ங்கறா. "எழுதினவரு மேல தப்பு இல்லீங்க, அந்தக் காலத்துக்கு இது சரி. நானே காலேஜ் புராஜெக்ட்டுல மாட்டிக்கிட்டு அழுதப்ப இதுதான் என்னைக் காப்பாத்துச்சு. எடுத்தவங்கதான் தேதியைப் பார்த்திருக்கோணும்." ஒட்டினது நான்னு அந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். எழுதினதும் நான்தான்னு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் அடி வாங்கினவன் நான் ஒருத்தன். அவ நடுவுல காலேஜ் கதை எதையோ சொன்னா, அதை யாரு கேட்டா? எனக்குக் காது அடைச்சுப் போச்சு.

அன்னைக்கு சாயங்காலமே என் பதிலுக்குக் கீழ அவ ஒரு கமெண்ட்டுப் போட்டா. மரியாதையாத்தான் எழுதியிருந்தா, அதுதான் இன்னும் எரிச்சல். "அருமையான பதில், ஆனால் இப்போதைய போன்களில் இப்படிச் செய்தால் தேதி தள்ளிப் போகும், கவனம்." அடுத்த வாரம் பார்த்தா அந்தக் கமெண்ட்டுக்கு ஓட்டு ஏறிக்கிட்டே போகுது! ஊர் உலகத்துல இருக்கறவனெல்லாம் என் வூட்டு வாசல்ல நின்னு அவளுக்குக் கை தட்டறான். நான் சும்மா விடுவனா? வேற பேர்ல ஒரு அக்கவுண்ட் திறந்து, "நான் இருபது வருட அனுபவசாலி, கோவை லயன் சொன்னதே சரி"ன்னு எழுதினேன். அவளுக்கு அது யாருன்னு தெரியாது. "நன்றிங்க, இந்தச் சின்னப் புரோகிராமை ஓட்டிப் பாருங்களேன்"னு ஒண்ணு எழுதிப் போட்டா. நான் எதுக்குங்க அதை ஓட்டறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?

அதுவும் இல்லாம, நானும் விசாரிச்சேன். இப்பக் கம்ப்யூட்டரே பேசுது, பதில் சொல்லுது பாருங்க, அதுகிட்டக் கேட்டேன். அஞ்சரை மணி நேரம் கூட்டினாச் சரியான்னு. "நிச்சயமாகச் சரி"ன்னு சொல்லுச்சு. என் பதிலை வரிக்கு வரி அப்படியே சொல்லுச்சுங்க, நான் வுட்ட எழுத்துப் பிழையோட. பேரு மட்டும் போடல. மிசினே ஒத்துக்குது, இவ ஒத்துக்க மாட்டேங்கறா.

முதலாளி அவ எழுதினதைப் புது வெர்ஷனா எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிட்டாரு. எல்லாரும் அப்டேட் பண்ணினாங்க. நான் பண்ணல. இந்தப் போன் போன மாசம்தான் வாங்கினேன், நல்ல போன். இதுலயும் பழைய வெர்ஷனைத்தான் ஏத்தி வெச்சிருக்கறேன். தெனமும் "அப்டேட் செய்யவும்"னு மேல வந்து நிக்கும், தள்ளி விட்டுருவேன். அவ கை பட்டது என் போன்ல ஓடாது. அதுல நான் பிடிவாதம்.

கல்யாணம் நிச்சயம் ஆச்சுன்னதும் வாட்ஸப் குரூப்ல ஒரே வாழ்த்து. பூ, கேக்கு, கை கூப்பறது, "தாரணி அக்கா இல்லாம ரெண்டு வாரம் என்ன பண்ணுவோம்"னு லோகேஷ் ஒரு அழுகை. நான் ஒருத்தன் இருக்கறேன், ரெண்டு வாரம் என்ன பண்ணுவானாம்! குரூப்பை விட்டே வெளிய வந்துட்டேன். அவளே கார்டோட மேசைக்கு வந்தா. நடந்து வந்தா, சேர்ல உருளல. "நீங்க கட்டாயம் வரோணும் சிகாண்ணா. நீங்க வரலீன்னா நான் மேடையை விட்டு எறங்க மாட்டேன்"னா. வாய் இனிக்கப் பேசறதுல கெட்டிக்காரி. கார்டை நான் பிரிக்கவே இல்ல, எங்கூட்டம்மா கிட்டக் குடுத்துட்டேன். அவ அதோட தாராபுரத்துக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. கார்டு எதுக்குங்க நமக்கு? நம்ம சாப்ட்வேர்லதான் எல்லாம் இருக்குதே. ஆப்பைத் திறந்தா ஞாயித்துக்கிழமை, காலைல முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன், பேரோட இருக்குது. வெள்ளிக்கிழமை எல்லாரும் வேன் எத்தனை மணிக்குன்னு பேசிட்டு இருந்தாங்க. நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டேன். "நானே வந்துக்கறேன்"னு மட்டும் சொன்னேன்.

வேடிக்கையைக் கேளுங்க. நேத்து சாயங்காலம் போன் வருது. தாரணி! மூணு தடவை. நான் எடுக்கல. கல்யாணத்துக்கு முந்தின நாள் எதுக்குக் கூப்படுவா? ஏதோ எர்ரர் வந்திருக்கும், அவளால முடிஞ்சிருக்காது. கடைசியில நம்மகிட்டத்தானே வரோணும்? தேடிப் பாரு, கமெண்ட்டைப் படின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். போன் அடிக்க அடிக்க டி.வி. சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். பத்து மாசத்துல எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லீங்க. கடிகாரம் ஏன்னு இப்பப் புரியுதுங்களா? நேரக் கணக்கு சொல்லிக் குடுத்தவ அல்லங்க? மாட்டி வெச்சுப் பார்த்துக்கட்டும்.

அதா, ஸ்கிரீன் போட்டுட்டாங்க. மேளமும் ஆரம்பிச்சாச்சு. வர்றாங்க, வர்றாங்க. எந்திரிங்கண்ணா, நீங்க மாமன், முன்னால போங்க.

அதாருங்க? அந்த ரோஸ் பட்டு? தோழியா?

ஸ்கிரீன்ல யாரோட போட்டோங்க அது? தாரணி எங்க?

பொண்ணுங்களா. இதுதான் பொண்ணா. டீச்சர். கோகிலவாணி.

நேத்தா? யாரு சொன்னது? மேனேஜரா? நேத்து சாயங்காலம் ரிசப்ஷன், இன்னைக்குக் காலைல முகூர்த்தம், மத்தியானம் மண்டபம் காலின்னு... நீங்க சாமான் எறக்கறப்ப அவிக சீர்ப் பாத்திரம் ஏத்திட்டு இருந்தாங்களா? முறுக்குத் தட்டு ஒண்ணை உங்க கையிலயும் குடுத்துட்டுப் போனாங்களா? நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. ஆமா. சொன்னீங்க. பேரும் சொன்னீங்க, டீச்சர்னும் சொன்னீங்க. நான்தான்.

இருங்க. பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க, ஆப்பைக் காட்டறேன். இதா பாருங்க, ஞாயிறு, சாயங்காலம், பவதாரணி. நேத்து சனிக்கிழமை, ஏழு மணிக்கு ரிசப்ஷன். ஏழும் அஞ்சரையும்... கூட்ட வேண்டாமுங்கண்ணா. நீங்க கூட்டாதீங்க. எனக்கே தெரியும்.

நேத்து அவ கூப்பிட்டது எத்தனை மணிக்குன்னு பாக்கறேன். ஏழே கால். அப்பறம் எட்டு. கடைசியா ஒம்பதரை. ஒம்பதரைக்குக் கூட்டம் எல்லாம் பந்திக்குப் போயிருக்கும். எர்ரர் கேக்கறதுக்கு இல்லீங்க அது. மாலையும் கழுத்துமா மேடையில நின்னுக்கிட்டு, ஆபீஸ் பூராவும் வந்தாச்சு, சிகாண்ணா ஒருத்தரைக் காணோமேன்னு கூப்பிட்டிருக்கறா. அந்நேரத்துக்கு நான் டி.வி.யைக் கொறைச்சு வெச்சுச் சிரிச்சுட்டு இருந்தேன்.

இல்லீங்க, நான் சாப்புடல. யாரு வூட்டுக் கல்யாணமோ, எந்த மூஞ்சியோட எலையில உக்கார்றது? நீங்க போங்க, மேடையில உங்களைத் தேடறாங்க பாருங்க. கடிகாரம் இருக்கட்டும். அவ லீவு முடிஞ்சு வர்றப்ப மேசை மேல வெச்சுப்போடறேன். வரமுடியலீன்னு ஏதாவது காரணம் சொல்லிக்கலாம். தாராபுரம்னு சொல்லிக்கறேன்.

ஒரு நிமிசம் நில்லுங்கண்ணா. அப்டேட் போட்டிருக்கறேன், ஏறிட்டு இருக்குது. ஆச்சு. சனிக்கிழமைக் கட்டத்துல தாரணி. ஞாயிறு சாயங்காலத்துல என்னமோ பேரு வருது, கண்ணாடி இல்லாமத் தெரியல, நீங்க படிங்க. கோகிலவாணிங்களா? மாப்பிள்ளை பேரும் சரிங்களா? சரி. சரியாத்தான் போட்டிருக்கறா.

நீங்க போங்க. நான் இன்னொண்ணு பார்த்துட்டுக் கெளம்பறேன். அந்த சைட்டுத்தான். என் பதில் இதா இருக்குது, பச்சை டிக்கோட. கீழ பொடி எழுத்துல அவ கமெண்ட்டு. பக்கத்துல ஓட்டுப் போடறதுக்குச் சின்னதா ஒரு அம்புக்குறி தெரியுதுங்களா? அமுத்திட்டேன். ஒரு நம்பர் ஏறிருச்சு. யாரு போட்டாங்கன்னு அதுல காட்டாதுங்க, நான்தான் அப்பவே சொன்னேனே. பரவால்ல, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.